சீட்டின் எட்டாவது வரி

“சுடலைமுத்து, வயது 29. நான்கு முறை வலிப்பு என்கிறார்கள். நான்கில் மூன்று, நம் அறைக்கு வர வேண்டிய நாளின் காலையில். நோயாளி நடிக்கிறார் என்பது என் கருத்து.”

என் பதினோராவது குறிப்பேட்டில், பங்குனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் 12.40 என்று நேரமிட்டு, என் கையெழுத்தில் இருக்கும் பதிவு இது. ‘கருத்து’ என்ற சொல்லுக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடுகள், அளவுகோல் வைத்துப் போட்டவை. பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் இ.இ.ஜி. எடுப்பவனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தலையில் ஒயர்களை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்து டாக்டரிடம் தர வேண்டும். கருத்துச் சொல்வது அந்த வேலையில் சேராது.

போன மாதம், இப்போது அந்த அறையில் இருக்கும் பிரவீணா போன் செய்தார்.

“சார், நம்ம சீட்டுல எட்டாவது வரி எதுக்கு சார்? வேற எந்த ஆஸ்பத்திரிச் சீட்டுலயும் இல்ல. இனிமே சீட்டு கெடையாது, போன்ல மெசேஜ்தான். ஏழு வரிக்கு மேல போனா யாரும் படிக்க மாட்டாங்கன்னு சொல்லுதாங்க.”

பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் சீட்டைத்தான் சொன்னார். எட்டாவது வரி இது: ‘தலைக்கு வெந்நீர் ஊற்ற வேண்டாம். பச்சைத் தண்ணீர் போதும்.’ எடுத்துவிடலாமா என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். “சுருக்கமா எழுதுங்க சார்,” என்றார். என்னோடு ஆறு மாதம் வேலை பார்த்தவர், தெரிந்துதான் சொன்னார். பெயர்களை மாற்ற வேண்டும், வருடம் எழுதக்கூடாது, ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது அவருடைய இன்னொரு நிபந்தனை. வருடம் இல்லாமல் எழுதுவது எனக்குச் செருப்பில்லாமல் சித்திரை வெயிலில் நடப்பது மாதிரி. கிழமையும் மணியுமாவது இருக்கட்டும் என்று கெஞ்சி வாங்கியிருக்கிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தது தற்செயல். தாவரவியல் படித்துவிட்டு எக்ஸ்ரே அறை உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்தேன். போன அன்று அந்த வேலைக்கு ஆள் எடுத்து முடித்திருந்தார்கள். பக்கத்து அறையில் புதிய இயந்திரம் ஒன்று உறை பிரிக்காமல் கிடந்தது. என் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்த ஒரு டாக்டர், “கையெழுத்து நல்லாருக்கே வே, இங்கன வாரும்,” என்று அந்த அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். பிறகு சென்னையில் ஒரு வருடம் பயிற்சி. அந்த வருடத்தைப் பற்றி இரண்டு குறிப்பேடுகள் உண்டு. பாதிக்கு மேல் விடுதிச் சாம்பாரைப் பற்றியது.

குறிப்பேடு எழுதும் வியாதி அதற்கும் முந்தியது. ஆற்றில் வெள்ளம் வந்தால் குறுக்குத்துறை மண்டபத்தில் தண்ணீர் எந்தத் தூண்வரை, எத்தனை மணிக்கு ஏறியது என்று குடையோடு போய் எழுதி வருவேன். பத்திரிகைகளில் வெள்ளத்தின் தேதியைத் தப்பாகப் போட்டால் திருத்தம் எழுதி அனுப்புவேன். ஒன்றுகூடப் பிரசுரமானதில்லை. கல்வெட்டு, பழைய பயணக் குறிப்பு, மாவட்ட வரலாறு என்று கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பேன். இப்படிப்பட்ட ஒருவனிடம் மருத்துவமனை ஒரு படிவத்தையும் பேனாவையும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மூக்குத்தண்டு தொடங்கும் பள்ளத்திலிருந்து, பின்மண்டையில் விரலுக்குத் தட்டுப்படும் சின்ன மேடுவரை டேப்பால் அளக்க வேண்டும். காதிலிருந்து காதுக்கு, உச்சி வழியாக, இன்னொரு அளவு. அந்த நீளங்களைப் பத்துச் சதம், இருபது சதம் என்று பிரித்துச் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியிலும் தோலைச் சுரண்டித் துடைத்து, பசை வைத்து, ஒயரின் முனையை அழுத்த வேண்டும். மொத்தம் இருபத்தொரு முனைகள். நம் பக்கத்துத் தலைகளில் இதற்கு ஒரே எதிரி தேங்காய் எண்ணெய். எண்ணெய் இருந்தால் பசை பிடிக்காது. பசை பிடிக்காவிட்டால் மூளைக்குப் பதிலாக ஒயர் ஆடுவதுதான் பதிவாகும். அதற்காகத்தான் சீட்டு. அப்போது அதில் ஏழு வரிகள். ஏழும் நான் எழுதியவை, எண்ணெயைப் பற்றி மட்டும் மூன்று.

என்னைக் கூட்டிக்கொண்டு போன அந்த டாக்டர்தான் பிறகு துறைத் தலைவரானார். சங்கரலிங்கம் என்று வைத்துக்கொள்வோம். வலிப்பை டாக்டர்கள் நேரில் பார்ப்பது அபூர்வம். வந்து போன பிறகுதான் ஆள் வருகிறார். பக்கத்தில் இருந்து பார்த்தவர் சொல்வதுதான் ஆதாரம். “கையும் காலும் இழுத்துச்சு சார்” என்பார்கள். எந்தக் கை முதலில் இழுத்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியது, கண் திறந்திருந்ததா, ஒன்றும் தெரியாது. ஆகவே சங்கரலிங்கம் சார் ஒரு காரியம் செய்வார். செருப்பைக் கழற்றிவிட்டு, ஆறடி உடம்பை நீட்டிப் பரிசோதனைக் கட்டிலில் படுத்துக்கொள்வார். “இப்ப நாந்தான் ஒங்க மகன். அவன் கெடந்த மாரியே என்னைய வையுங்க,” என்பார். ஒரு தாய் அவருடைய தாடையைப் பிடித்துக் கோணலாக்கி, திருப்தி வராமல், “இன்னுங் கொஞ்சம் சார், இன்னுங் கொஞ்சம்,” என்று இழுத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எழுந்த பிறகு அவர் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி. “அதுக்கு முந்தி என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாரு?” பதில் சொன்னால், “அதுக்கு முந்தி?” மறுபடியும், “அதுக்கு முந்தி?” ஒரு நோயாளிக்கு இருபத்தைந்து நிமிடம். கடிகாரம் பார்த்துக் குறித்திருக்கிறேன். வீண் என்பது அப்போது என் எண்ணம். அவரிடம் இன்னொரு விசேஷம், கோபம் வந்தால் ‘வே’ போய்விடும். ‘ஐயா’ வந்துவிடும். இத்தனை வருடத்தில் என்னை நான்கு முறைதான் ஐயா என்றிருக்கிறார்.

அந்த வருடம் மாசியில், மகளின் பிரசவத்துக்காக அவர் வெளிநாடு போனார். ஆறு வார விடுப்பு. பொறுப்பில் இருந்த இளம் டாக்டருக்கு இரண்டு வார்டும் தீவிர சிகிச்சைப் பிரிவும் தலைக்கு மேல் இருந்தன. வலிப்பு நோயாளிகளிடம் விவரம் கேட்டு எழுதும் வேலையை, “நாயகம் சார் பார்க்காததா,” என்று என்னிடம் விட்டார். இந்த மாதிரி வார்த்தைகள் என் காதில் விழக்கூடாது. அன்றைக்கே உட்கார்ந்து பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட படிவம் ஒன்று தயாரித்தேன். தேதி, கிழமை, மணி, எத்தனை நிமிடம், எத்தனை வினாடி, சாட்சியின் பெயர். பார்க்க ரயில்வே கால அட்டவணை மாதிரி அழகாக இருந்தது.

சுடலைமுத்து வந்தது அந்தச் சமயத்தில். முக்கூடலுக்கு அந்தப் பக்கம் ஆற்றங்கரையில் ஊர். கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். இரண்டு இரும்பு நாக்குகளால் பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற வண்டி. மூன்று வருடத் தற்காலிக வேலை நிரந்தரமாகும் நேரம். மருத்துவப் படிவத்தில் ‘எப்போதாவது வலிப்பு வந்ததுண்டா’ என்ற கேள்விக்கு, ‘ஒரு முறை, தலைதீபாவளி அன்று’ என்று எழுதிவிட்டார். கம்பெனி நரம்பியல் டாக்டரின் சான்று கேட்டது. பங்குனி கடைசி வெள்ளிக்குள் சான்று போகாவிட்டால் வண்டியும் இல்லை, வேலையும் இல்லை.

“இத ஏன் வே எழுதினீரு?” என்று கேட்டேன்.

“கேட்டிருந்தாவ சார்,” என்றார்.

இப்படிப் பதில் சொன்ன ஆளைத்தான் பிறகு நடிப்பவர் என்று எழுதினேன்.

முதல் நாள், ஒரு புதன்கிழமை, காலை 10.20. தலை விளக்கேற்றின மாதிரி மின்னியது.

“எண்ணெய் கூடாதுன்னு சீட்டுல மூணு எடத்துல போட்டிருக்கு. படிக்கலையா?”

“வைக்கல சார். ஆத்துல சீயக்கா போட்டு நல்லா முங்கிட்டுதான் வாரேன்.”

“பொறவு இது என்னது?”

“அது பழைய எண்ணெ சார். சின்ன வயசுலேருந்து வைக்கது.”

“ஆத்துத் தண்ணிக்கெல்லாம் இது போவாது. வெந்நி போட்டுத் தலைக்கு ஊத்தி, சூடா அலசிட்டு வாரும். செம்புக் கணக்குப் பாக்காம ஊத்தும்.”

“எங்க வீட்டுல வெந்நி போட்டுப் பழக்கமே இல்லியே சார். வருசம் பூரா ஆறுதான்.”

“இனிமே பழகும்.”

சீட்டின் அடியில் ‘வெந்நீரில் குளிக்கவும்’ என்று எழுதி, கோடும் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த திங்கள் வந்தார். தலை காய்ந்து, பசைக்கு ஏற்றதாக, நான் கண்ட தலைகளிலேயே சிறந்ததாக இருந்தது. ஆள்தான் சரியாக இல்லை. கேட்டதற்குப் பதில் தாமதமாக வந்தது. கூட வந்திருந்த மனைவி பேச்சியம்மாள் சொன்னார்:

“காலைல கெளம்பையில மறுபடி வந்திருச்சு சார். தலைக்கு ஊத்திக்கிட்டு இருந்தாவ, அப்படியே முழிச்ச மேனிக்கி இருக்காவ. வாயை மெல்லுதாவ. கூப்பிட்டாக் கேக்கல. கை மட்டும் எதையோ கோரிக் கோரி மேல ஊத்துத மாரி போவுது. பொறவு அர மணி நேரம் நான் யாருன்னே தெரியல.”

என் படிவத்தில் இது இப்படி ஆயிற்று: ‘திங்கள், காலை 6.15. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகையில். 2 நிமிடம். வெறித்தல், மெல்லுதல், காற்றைக் கோருதல் (?).’ தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தது எங்கே போனது என்று கேட்டால், அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

இ.இ.ஜி.யில் வலிப்புக்கான கூர் அலை ஒன்றும் இல்லை. ஒரே பதிவில் அகப்படாமல் போவது சாதாரணம். முந்தின இரவு தூங்காமல் வரச் சொல்லி இன்னொரு முறை எடுத்தோம். அன்று காலையும் வந்திருந்தது. வீடியோவோடு நீண்ட நேரம் மூன்றாவது முறை எடுத்தோம். அன்று காலையும் அப்படியே. என் அறையில் இருக்கும்போது மட்டும் ஒன்றும் இல்லை. மூன்று முறையும் தலை மிகச் சுத்தமாக இருந்தது. பாராட்டினேன், ஒவ்வொரு முறையும் வெந்நீரை நினைவூட்டித்தான் வரச் சொல்லியிருந்தேன். நடுவில் ஒரு நாள் ஸ்கேன் எடுக்கப் போனார். ஸ்கேன் அறையில் தலைக்குக் குளிக்கச் சொல்லும் சீட்டு கிடையாது. அன்று வலிப்பு வரவில்லை, ஸ்கேனும் சுத்தம்.

வெந்நீரால் வலிப்பு வரும் என்பது எனக்குத் தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். சங்கரலிங்கம் சார் மாணவர்களுக்கு எடுத்த பாடத்தை ஓரத்தில் நின்று கேட்டு, ‘வெந்நீர் வலிப்பு, நம் தென்பகுதியில் காணப்படுவது’ என்று ஐந்தாவது குறிப்பேட்டில் அரைப்பக்கம் எழுதியிருக்கிறேன். கடைசியில் உள்ள அகர வரிசையிலும் ‘வெ’ என்ற இடத்தில் பக்க எண்ணோடு இருக்கிறது. எழுதி வைத்ததால் இனி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று மூளை நினைத்திருக்க வேண்டும்.

இந்த விவரங்களையெல்லாம் ஒரு அட்டவணையாக்கினேன். அட்டவணை போட்டால் எனக்கு ஞானம் பிறந்துவிடும். பரிசோதனை நாள் மூன்று, மூன்றிலும் வலிப்பு. வேலை நாளில் இல்லை, ஞாயிற்றுக்கிழமையில் இல்லை. பரிசோதனை என்றால் பயம், பயத்தில் நடிப்பு. இதற்கு ஒத்துவராத இரண்டு நாட்கள் இருந்தன. ஸ்கேன் நாளுக்கு எதிரே ‘அன்று பயமில்லை போலும்’ என்று எழுதினேன். சங்கரன்கோவிலில், ஆறில்லாத ஊரில், மாமனார் வீட்டில் வந்த தீபாவளி வலிப்புக்கு எதிரே ‘மாப்பிள்ளை மரியாதை போதவில்லையோ?’ என்று எழுதினேன். அது முடிந்த பிறகுதான், தொடக்கத்தில் காட்டிய ‘நடிக்கிறார்’ என்ற பதிவு.

குறிப்பேட்டோடு நின்றிருந்தால் பாதகமில்லை. அதே செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3.05க்குக் கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி போன் செய்தார். டாக்டர் இல்லை, நான் எடுத்தேன்.

“சுடலைமுத்து ரிப்போர்ட் என்ன சார் ஆச்சு?”

“டாக்டர் வந்துதான் சொல்லணும். பெருசா ஒண்ணுமில்ல. டெஸ்ட்டுக்கு வான்னா மட்டும் வருது.”

அவர் சிரித்தார். “அப்போ டிமிக்கியா சார்?”

“அப்படியும் வச்சுக்கலாம்,” என்றேன். நானும் சிரித்தேன். அதுவும் குறிப்பேட்டில் இருக்கிறது.

வியாழக்கிழமை சுடலைமுத்துவைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். சான்று வந்தால் உள்ளே வா, வராவிட்டால் வராதே.

கெடு வைத்த வெள்ளிக்கு முந்திய திங்கள்கிழமை சங்கரலிங்கம் சார் திரும்பி வந்தார். பேரன் படத்தைக் காட்டினார். நான் அட்டவணையைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாகப் படித்தார்.

“நல்லா கோடு போட்டிருக்கீரு வே. அதுக்கு முந்தி என்ன செஞ்சுக்கிட்டு இருந்தான்?”

“கிளம்பிக்கிட்டு இருந்தாரு சார்.”

“கெளம்புததுன்னா? சோறு தின்னானா, செருப்பு மாட்டுனானா, பொண்டாட்டிகிட்ட சண்ட போட்டானா?”

 சார் புருஷனையும் மனைவியையும் வரச் சொன்னார். மறுநாள் காலை 9.30க்கு வந்துவிட்டார்கள். சுடலைமுத்து வாசல் பக்கமே நின்றார். கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். சார் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிக் கட்டிலில் படுத்தார்.

“எம்மா, நாந்தான் ஒன் வீட்டுக்காரன். போன தடவ வந்தப்போ எப்படி இருந்தான்? என்னைய அப்படியே வை.”

பேச்சியம்மாள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். “ஐயோ சார், நீங்க போயி.”

“நான் பொம்மைம்மா. பொம்மைகிட்ட என்ன வெக்கம்?”

“அப்படின்னா படுக்கக் கூடாது சார். கீழ எறங்கிக் குத்துக்கால் வச்சு உக்காரணும்.”

சார் இறங்கித் தரையில் குத்துக்காலிட்டார். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன.

“கையில செம்பு வேணும் சார்.”

சார் என்னைப் பார்த்தார். மேசையில் இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொடுத்தேன்.

“அண்டாவுலேருந்து கோருதாவ. தலைக்கு ஊத்துதாவ. இப்படி, ஒண்ணு, ரெண்டு, மூணு. பொறவு நிறுத்தவே மாட்டாவ சார். வேகமா, வேகமா. நான் வந்து பாக்கையில அண்டா காலி. வெறும் அண்டாவுல கோருதாவ.”

“வெந்நியா, பச்சத் தண்ணியா?”

“வெந்நி. ஆத்துல குளிக்கையில ஒரு நாளும் வந்ததில்ல. எங்க அம்ம வீட்டுல தீவாளிக்கு எண்ணெ தேச்சு வெந்நி ஊத்துனாவ, அன்னைக்குத்தான் மொதல்ல. அதுக்குப் பொறவு,” என்று என்னைக் கைகாட்டினார், “இந்த சார் சொன்னாவள்லா.”

சார் செம்பைத் தலைக்கு மேலே பிடித்தபடியே என் பக்கம் திரும்பினார்.

“ஐயா, நீங்க எத்தன தடவ சொன்னீங்க?”

“மூணு தடவ சார்.”

“தேதி இருக்கா?”

“இருக்கு சார்.”

 சார் செம்பை என்னிடம் நீட்டினார், எழுந்திருக்கக் கையையும் நீட்டினார்.  சுடலைமுத்துவின் முன்னால் போய், தப்பு என்மேல்தான் என்று சொன்னேன். கம்பெனி அதிகாரியிடம் போனில் பேசியதையும் சொன்னேன். 

“நீங்க சொன்னபடிதான சார் குளிச்சேன்,” என்றார். “செம்புக் கணக்கும் பாக்கல.”

புரிந்துகொண்டது போதும், சான்று எழுதிவிடலாம் என்று நான் நினைத்தேன். சார் ஒப்பவில்லை. வெந்நீரால்தான், வெந்நீரால் மட்டும்தான் என்று பதிவில் காட்டாவிட்டால் கம்பெனி இதை வேடிக்கை என்று தள்ளிவிடும் என்றார். என்ன செய்யப்போகிறோம், என்ன ஆகலாம் என்று இருவருக்கும் விளக்கினார். பேச்சியம்மாள் கணவரைப் பார்த்தார். சுடலைமுத்து, “வேல வேணும் சார், ஊத்துங்க,” என்றார்.

புதன்கிழமை காலை, பிசியோதெரபிப் பிரிவின் குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். வழக்கமான பசை தண்ணீருக்கு நிற்காது. காய்ந்தால் இறுகும் பிசினில் துணித்துண்டை நனைத்து, ஒவ்வொரு முனையின் மேலும் ஒட்டிக் காற்றடித்து உலர்த்தினேன். இருபத்தொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம். பதிவுப் பெட்டி பேட்டரியில் ஓடியது, பாலிதீனில் சுற்றிக் கதவுக்கு வெளியே வைத்தேன். நர்ஸ் ஊசியோடு தயாராக நின்றார். முதலில் பச்சைத் தண்ணீர். பதினைந்து செம்பு ஊற்றினேன். திரையில் ஒன்றும் மாறவில்லை. பிறகு வெந்நீர். சார் வெப்பமானியை வாளிக்குள் விட்டுப் பார்த்துத் தலையசைத்தார். ஊற்றியதும் நான்தான், எண்ணியதும் நான்தான். ஐந்தாவது செம்பில் சுடலைமுத்து கண்ணை மூடிப் புன்னகை மாதிரி ஒன்று செய்தார். எட்டாவது செம்பில் கண் திறந்தது. ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. கை நீண்டு வந்து என் கையிலிருந்த செம்பைப் பிடுங்கி, தானே கோரித் தலையில் ஊற்ற ஆரம்பித்தது. திரையில் இடது நெற்றிப்பொட்டுக்கு நேரே இருந்த ஒயர்களில் அலைகள் ஒரே தாளத்தில் எழும்பின. ‘காற்றைக் கோருதல்’ என்று எழுதிக் கேள்விக்குறி போட்டது என் நினைவுக்கு வந்தது.

“போதும் வே. செம்ப வாங்கும்,” என்றார் சார். ஒரு நிமிடம் இருபது வினாடியில் தானாக நின்றது, ஊசி தேவைப்படவில்லை.

தெளிந்த பிறகு சார் கேட்டார். “ஊத்த ஊத்த எப்படிப்பா இருந்துச்சு?”

சுடலைமுத்து மனைவியைப் பார்த்துவிட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார். “சொகமா இருந்துச்சு சார். எங்கயோ பைய எறங்கிப் போற மாரி. நிறுத்த மனசு வரல.”

“அதுதான் இதுல கெடுதி,” என்றார் சார். “அந்தச் சொகத்துக்காகவே யாருக்கும் தெரியாம ஊத்திக்கிடுத ஆளுங்க உண்டு. அதுலயே பழகுனா பொறவு வெந்நி இல்லாமலும் வர ஆரம்பிக்கும். அப்ப வண்டி கெடையாது.”

“அண்டாவ நாளைக்கே எங்க அம்ம வீட்டுக்குக் குடுத்து விட்டுருதேன் சார்,” என்றார் பேச்சியம்மாள்.

சிகிச்சை அவ்வளவுதான். தலைக்குப் பச்சைத் தண்ணீர். தவிர்க்க முடியாமல் வெந்நீர் ஊற்ற வேண்டி வந்தால் அதற்கு முன்பே போட ஒரு மாத்திரை. வியாழக்கிழமை சார் இரண்டு பக்கம் சான்று எழுதினார். தபாலில் அனுப்பாமல் நானே கங்கைகொண்டானுக்குப் பஸ் ஏறினேன். போனில் சிரித்த அதிகாரி எதிரே உட்கார்ந்திருந்தார். டிமிக்கி என்று ஒப்புக்கொண்டவன் நான்தான், அது தப்பு, வந்த வலிப்புகளில் மூன்றுக்குக் காரணமும் நான்தான் என்றேன். அவர் சான்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கம்பெனி டாக்டரைக் கூப்பிட்டார், அவர் எங்கள் சாருக்குப் போன் போட்டார். போன் ஒலிபெருக்கியில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

“வெந்நீர்லயா டாக்டர்? எப்படி நம்பி வண்டியைக் குடுக்கது?”

“ஒங்க ஃபோர்க்லிஃப்ட்ல யாரும் தலைக்கு வெந்நி ஊத்துதாங்களா?” என்றார் சார். பிறகு குரலை இறக்கி நிதானமாகப் பேசினார். உடனே வண்டி கொடுக்க வேண்டாம், ஒரு வருடம் வேறு வேலை கொடுங்கள், வலிப்பு வராவிட்டால் நானே மறுபடி பார்த்து எழுதித் தருகிறேன் என்றார். வேலை நிரந்தரமானது. சுடலைமுத்து ஒரு வருடம் கிட்டங்கியில் சரக்கு எண்ணினார். ஒருமுறைகூட வரவில்லை என்று புருஷனும் மனைவியும் சொன்னதை வைத்து, சார் எழுதிக் கொடுத்து, வண்டிச் சாவி திரும்பக் கிடைத்தது. எட்டாவது வரியை நான் சேர்த்தது அந்தப் பங்குனியிலேயே. பிரவீணா, எதை வேண்டுமானாலும் எடுத்துவிடுங்கள். எண்ணெய்க்கு மூன்று வரி இருக்கிறது, இரண்டை எடுத்தால் இடம் கிடைக்கும்.

இங்கேயே முடித்திருப்பேன். முடிக்க விடாத ஒரு விஷயம் இருக்கிறது.

நான் ஓய்வு பெற்ற மறுவருடம் ஆவணியில் சுடலைமுத்து கங்கைகொண்டான் பக்கம் வீடு கட்டிப் பால் காய்ச்சினார். அழைப்பை நேரில் வந்து கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை போனேன். சட்டையில் கம்பெனி அடையாள அட்டையோடு, வண்டியில் ஏற்றிய மாதிரி நாற்காலிகளைப் பத்துப் பத்தாகத் தூக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை இடுப்பில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அங்கே ஆறு கிடையாது, போர் தண்ணீர்தான். சாப்பிட்டுக் கைகழுவக் குளியலறைக்குப் போனேன். சுவரில் புதிதாக ஒரு வாட்டர் ஹீட்டர். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மணி 11.40.

வெளியே வந்து பேச்சியம்மாளிடம், “ஹீட்டர் புதுசா போட்டிருக்கியளோ?” என்று கேட்டேன்.

“ஆமா சார், பிள்ளைக்கி,” என்றார். “எங்க அம்ம அப்பாவும் வந்திருக்காவள்லா, அவியளுக்குப் பச்சத் தண்ணி ஆவாது.” மோர் வேண்டுமா என்று கேட்டு உள்ளே போனார்.

சுடலைமுத்துவிடம் கேட்டிருக்கலாம். நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு, கேட்டதற்கு உள்ளதைச் சொல்கிற ஆள். சொன்னால் நான் எழுதியாக வேண்டும், எழுதினால் சங்கரலிங்கம் சாரிடம் காட்டியாக வேண்டும், அதற்குப் பிறகு சாவி என்ன ஆகும் என்பது தெரியும். கேட்காமல் இருந்தது சரியா என்றால், அந்த வண்டிக்குப் பக்கத்தில் நடமாடும் மற்றவர்களை நினைத்தால், சரியில்லை என்றுதான் இந்த வரியை எழுதும்போதும் படுகிறது. மோரைக் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தேன்.

குறிப்பேட்டில் அன்றைய பதிவு: ‘ஞாயிறு, 11.40. ஹீட்டர் குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் என்று பேச்சியம்மாள் சொன்னார். வீட்டுக்காரர் அதைப் பயன்படுத்துகிறாரா என்பது சரிபார்க்கப்படவில்லை.’ இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.